தைல மரத்துக்குக் கீழே குனிஞ்சு பாருங்க

போன மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வண்டியை நிறுத்தினதுமே என் தைல மரக் கொல்லையைப் பார்த்துட்டு, "மாமா, சூப்பர் காடு"ன்னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சுட்டான். "மேலே எடுத்தது போதும்டா, குனிஞ்சு கீழே ஒண்ணு எடு"ன்னேன். கீழே என்ன இருக்கு? காய்ஞ்ச இலை, உரிஞ்ச பட்டை, செம்மண். ஒரு தும்பைச் செடி கூட இல்லை.

எங்க புதுக்கோட்டைப் பக்கம் நீங்க பஸ்ஸுல வந்தா ரெண்டு பக்கமும் பச்சையா வரிசை வரிசையா தெரியும். அதுல பெரும்பகுதி காடு இல்லை, தோட்டம். காகிதத்துக்கும் கம்புக்கும் வளர்க்கிற பயிர். நானும் அந்தப் பாவத்துல பங்காளிதான். கிணறு வத்தினப்போ, கடலை போட்டு ரெண்டு வருசம் தொடர்ந்து நட்டப்பட்டு, ஒன்றரை ஏக்கர்ல தைலம் வச்சேன். ஆடு மாடு கடிக்காது, காவல் வேண்டாம், தண்ணி பாய்ச்ச வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு அந்த மரம்தான் கை கொடுத்தது. அதனால தைலத்தைத் திட்ட எனக்கு வாய் வராது.

ஆனா அந்த ஒன்றரை ஏக்கர்ல முன்னாடி கொழுஞ்சி, ஆவாரை, துத்தி, அருகு எல்லாம் கிடந்தது. அம்மா பதினாலு ஆடு வச்சிருந்தாங்க. தைலம் நெஞ்சளவு வளர்ந்த மறுவருசம் பாதி ஆட்டை வித்துட்டாங்க. "ஆடு கடிக்காத மரம்னு சந்தோசப்பட்டியே, ஆடு எதைக் கடிக்கும்னு யோசிச்சியா?"ன்னு கேட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதுக்குப் பதில் சொல்லலை.

கீழே செடி வராததுக்கு நிழல்தான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தைல இலை தொங்கிக்கிட்டே இருக்கும், வெயில் தாராளமா தரைக்கு வரும். புளியமரத்தடி நிழல் அளவுக்குக் கூட அங்கே நிழல் கிடையாது. வெயில் இருந்தும் செடி இல்லைன்னா சிக்கல் வேற இடத்துல இருக்கு. மேல்மண்ணு ஈரத்தை மரமே இழுத்துக்குது. இலை சீக்கிரம் மக்காது, விழுற விதைக்கு மண்ணைத் தொட வழியில்லை. இலையில இருக்கிற எண்ணெயும் மத்த விதையை முளைக்க விடாதுன்னு சொல்றாங்க, இருக்கலாம். இதுக்கெல்லாம் மேல, அஞ்சாறு வருசத்துக்கு ஒருதடவை வெட்டுறோம், ஊடே உழுறோம், சருகை அடுப்புக்கு அள்ளுறோம். தப்பித் தவறி முளைச்சதும் அதோட போயிடுது.

இது மரத்தோட குணம் மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிய வச்சது என் கொல்லையோட வடக்கு மூலை. அதை ஒட்டி அய்யனார் கோயில் காடு. சாமிக்குப் பயந்து யாரும் கம்பு ஒடிக்க மாட்டாங்க. உள்ளே காசா, வீரை, உசிலை, அடியில நன்னாரி, பிரண்டை, குன்றிமணிக் கொடி. பக்கத்துல கேஸ் ஒண்ணு ஓடினதால அந்த மூலையில மட்டும் நாலஞ்சு வரிசையைப் பதிமூணு வருசமா வெட்டலை, உழவும் இல்லை. போன ஐப்பசியில மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். அதே தைல மரத்துக்குக் கீழே வேப்பங்கன்னு, காசாக் கன்னு, முழங்கால் உயரத்துக்கு நொச்சி, ஒரு இடத்துல நன்னாரிக் கொடி. நான் நடலை. குருவி வந்து தைலக் கிளையில உக்காந்து எச்சம் போட்டிருக்கு, அவ்வளவுதான். கிட்டத்துல விதை இருக்கணும், பறவைக்கு உக்கார இடம் இருக்கணும், மனுசன் கொஞ்ச வருசம் கையை வைக்காம இருக்கணும்.

பட்டணத்துல இப்போ மியாவாக்கி காடுன்னு வைக்கிறாங்க. ஜப்பான்காரர் அகிரா மியாவாக்கி கண்டுபிடிச்ச முறை. சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு, நம்ம நாட்டு மரமா வைக்கணும். நல்ல விசயம்தான், குறை சொல்லலை. திருச்சியில ஒண்ணைப் பார்த்தேன். சுவர் மாதிரி நெருக்கம். உள்ளே தரைக்கு வெளிச்சமே வரலை, மரக்கன்னைத் தவிர புல் பூண்டு கிடையாது. களை வராதுன்னு அதைப் பெருமையா சொன்னாங்க. நீங்க களைன்னு சொல்ற துத்தியும் குப்பைமேனியும் எங்க ஊர்ல மருந்து, கீரை, ஆட்டுத் தீனி. அங்கங்க கொஞ்சம் இடைவெளி விட்டா என்ன குறைஞ்சிடும்? எத்தனை மரம் நட்டோம்னு போர்டு வைக்கிறவங்க, அஞ்சு வருசம் கழிச்சுத் தானா என்னென்ன முளைச்சிருக்குன்னும் எழுதி வைக்கலாம்.

இப்போ வியாபாரி வந்து மூணாவது வெட்டுக்கு விலை பேசிட்டுப் போயிருக்கார். மொத்தமா வெட்டினாத்தான் லாரி வாடகை கட்டும்ங்கிறார். மகனும் அவர் பக்கம்தான், அவனுக்கு டிராக்டர் கடன் இருக்கு. வடக்கு மூலையில எட்டு வரிசையை விட்டுட்டு மத்ததை வெட்டிக்கச் சொல்லியிருக்கேன். வீட்டுல ரெண்டு நாளா யாரும் சரியா பேசலை. அம்மா மட்டும் நேத்து சாயங்காலம் மிச்சமிருக்கிற மூணு ஆட்டையும் அந்த மூலைக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. கன்னைக் கடிச்சிடும்னு நான்தான் பின்னாடியே ஓட வேண்டியதாப் போச்சு.