பூட்டிக் கிடந்த 8 கிகாபைற்

சென்ற ஆண்டு, சோதனை முடிவுகள் வழங்கப்படவிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் எமது தமிழ்ப் பாடசாலையின் புள்ளிப் பதிவேடு திறக்க மறுத்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளோடு மண்டபத்தில் அமர்ந்திருந்தனர். ஆசிரியர்கள் விடைத்தாள்களை மீண்டும் எடுத்துவந்து கையாலே கூட்டத் தொடங்கினர். காரணத்தைத் தேடிச் சென்றபோது அது எம்மிடமே வந்து நின்றது. முதல் நாள் இரவு, நன்மை என்றெண்ணி நாம் செய்த ஒரு மாற்றமே அவ்வளவுக்கும் காரணம். எமது இளையோரிற் பலர் இன்று கணனித் துறையிற் பணிபுரிகின்றனர். அவர்கள் அன்றாடம் கையாளும் ஒரு நுட்பத்தின் பயனும் ஆபத்தும் இந்நிகழ்வில் ஒருங்கே அடங்கியிருப்பதால், அதனை இவ்வாரம் வாசகர்முன் வைக்கிறோம்.

சங்கக் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் 32 கிகாபைற் நினைவகம் கொண்ட பழைய கணனியொன்று இரவு பகலாக இயங்குகிறது. அதனுள்ளே மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் குடியிருக்கின்றன. ஒன்று பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் தேடித் தரும் நூலகம். அதற்கு 16 கிகாபைற். மற்றொன்று பாடசாலைப் பதிவேடு; மூன்றாவது சங்க அங்கத்தவர் பட்டியல்; இவை இரண்டுக்கும் தலா 4 கிகாபைற். வந்த புதிதில் ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழ்ந்த காலத்தை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். குசினி ஒன்று, கதவுகள் வேறு. மெய்நிகர் இயந்திரங்களின் வாழ்க்கையும் ஏறக்குறைய அத்தகையதே. ஒவ்வொன்றும் தான் ஒரு முழுக் கணனி என்றே எண்ணி இயங்கும். உண்மையான நினைவகத்தைப் பங்கிடும் பொறுப்பு, அடியில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் கேர்னல் எனப்படும் உட்கருவினுடையது. இதற்கென அதனுள் அமைந்த பகுதி கே.வி.எம். எனப்படும். அது 2007ஆம் ஆண்டிலே லினக்சுடன் இணைக்கப்பட்டது.

கணனி தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகவே பிரித்துக் கொடுக்கிறது. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணனியே இவ்வழக்கத்தின் முன்னோடி. 1985இல் வெளிவந்த இன்ரெல் 80386 செயலியில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைற். இன்றும் அக்குடும்பத்துச் செயலிகளில் வழக்கமான அளவு அதுவே. ஒரு நிரல் கேட்கும் முகவரி உண்மையில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைப் பக்க அட்டவணைகள் கூறும். இவ்வட்டவணைகள் பொதுவாக நான்கு அடுக்குகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தடவையும் நான்கு அடுக்கையும் புரட்டினால் வேலை ஓடாது. ஆகவே அண்மையிற் கண்டறிந்த முகவரிகளைச் செயலி தன்னுள்ளே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதனைத் துறைசார்ந்தோர் ரி.எல்.பி. என்பர். 2015இல் வந்த இன்ரெல் ஸ்கைலேக் செயலியில் இக்குறிப்பேட்டின் இரண்டாம் நிலை 1536 வரிகளைக் கொண்டது. வரிக்கு 4 கிலோபைற் என்றால் மொத்தம் 6 மெகாபைற் அளவுக்கே அது போதுமானது. 16 கிகாபைற் நூலகமோ 41 இலட்சத்து 94 ஆயிரத்து 304 பக்கங்களாகச் சிதறிக் கிடக்கும்.

மெய்நிகர் இயந்திரத்தில் இச்சுமை பன்மடங்காகிறது. குடியிருப்பவரின் இயங்குதளம் தன் அட்டவணையைப் பார்த்து ஒரு முகவரியைக் கண்டறியும். அதுவும் உண்மையான முகவரியன்று. வீட்டுக்காரரின் அட்டவணையில் அதனை மீண்டும் தேடவேண்டும். இவ்விரு தேடலையும் செயலியே செய்யும் வசதியை ஏ.எம்.டி. நிறுவனம் 2007இலும் இன்ரெல் நிறுவனம் 2008இலும் கொண்டுவந்தன. ஆயினும் குறிப்பேட்டில் இல்லாத ஒரு முகவரிக்காக, நான்கு அடுக்கும் நான்கு அடுக்கும் பின்னிப் பிணைவதால், 24 தடவை வரை நினைவகத்தை நாட நேரிடும்.

இங்கேதான் பெரும்பக்கம் துணைக்கு வருகிறது. 512 சிறுபக்கங்களை ஒன்றாக்கி, 2 மெகாபைற் அளவில் ஒரே பக்கமாக வழங்குவதே அது. இதனால் அட்டவணையில் ஓர் அடுக்குக் குறைகிறது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இருவருமே பெரும்பக்கத்தைப் பயன்படுத்தினால் 24 என்பது 15 ஆகும். முன்னர் 6 மெகாபைற் அளவுக்கே போதிய அதே 1536 வரிகள் இப்போது 3 கிகாபைற் அளவைத் தழுவி நிற்கும். ஒருவர் மட்டும் பெரும்பக்கத்தை வைத்திருந்து மற்றவர் சிறுபக்கத்திலேயே நின்றால் முழுப் பயன் கிட்டாது. குடியிருப்பவரின் கணக்கில் 2 மெகாபைற் எல்லை எங்கே தொடங்குகிறதோ, வீட்டுக்காரரின் கணக்கிலும் அங்கேயே தொடங்கவேண்டும். எல்லைகள் பொருந்தாவிடில் கே.வி.எம். சிறுபக்கங்களாகவே பதிந்துவிடும். இரு பக்கத்து வேலிகளும் ஒரே கோட்டில் வராத காணிக்கு ஒரே உறுதி எழுத முடியாதல்லவா?

நூலகத் தேடல் நாளுக்கு நாள் மந்தமாகி வந்ததாற்றான் நாம் பெரும்பக்கத்தை நாடினோம். அதனைப் பெற லினக்சில் இரு வழிகள் உண்டு. முதலாவது, இத்தனை பெரும்பக்கங்கள் வேண்டுமென்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. இரண்டாவது, யாரும் கேளாமலே, இடம் வாய்க்குமிடத்துக் கேர்னல் தானாகப் பெரும்பக்கத்தை வழங்குவது. இவ்விரண்டாவது முறை 2011ஆம் ஆண்டு லினக்சிற் சேர்ந்தது. உறுதியான பலன் வேண்டுமென்று நாம் முதலாவது வழியைத் தெரிந்தோம். மூன்று இயந்திரங்களுக்கும் சேர்த்து 24 கிகாபைற், அதாவது 12,288 பெரும்பக்கங்களை ஒதுக்கினோம். கணக்குச் சரி. ஆனால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக்கொள் என்ற கட்டளையை நூலக இயந்திரத்துக்கு மட்டுமே எழுதினோம். மற்ற இரண்டுக்கும் எழுத மறந்து வீடு சென்றோம்.

இவ்வாறு ஒதுக்கிய இடத்தைச் சாதாரணத் தேவைக்கு எடுக்கக் கேர்னலுக்கு உரிமையில்லை. நூலகம் தனக்குரிய 8,192 பக்கங்களை எடுத்துக்கொண்டது. எஞ்சிய 4,096 பக்கங்கள், 8 கிகாபைற், எவருக்கும் பயன்படாமற் பூட்டிக் கிடந்தன. மிகுதியாயிருந்த மற்றைய 8 கிகாபைற்றுக்குள் பாடசாலையும் அங்கத்தவர் பட்டியலும் இயங்குதளமும் நெருக்குண்டன. இரவிலே தேவை குறைவாயிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஆசிரியர்கள் அனைவரும் ஒருங்கே பதிவேட்டைத் திறக்க, நினைவகம் தீர்ந்தது. கேர்னலின் பார்வையில் மெய்நிகர் இயந்திரம் என்பது மற்றொரு செயற்பாடு மட்டுமே. இடம் இல்லாத நெருக்கடியில் அது ஒரு செயற்பாட்டைத் தேர்ந்து நிறுத்திவிடும். அன்று அது தேர்ந்தெடுத்தது பாடசாலையை.

மண்டபம் ஒன்றைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு வந்த குடும்பத்தை நடைவழியில் நிறுத்திய செயலே இது. அவ்வாறு நடைவழியில் நின்ற அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. எனவே இதனைச் சிறு கவனக்குறைவு என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

திருத்தம் எளிதாகவே இருந்தது. ஒதுக்கீட்டை 8,192 ஆகக் குறைத்து நூலகத்துக்கு மட்டும் உரியதாக்கினோம். ஏனைய இரண்டையும் கேர்னல் தானாக வழங்கும் முறையிடம் விட்டோம். அம்முறையிலும் குறையில்லாமல் இல்லை. அடுத்தடுத்த 512 சிறுபக்கங்கள் காலியாக வாய்ப்பது அரிது. அவற்றைச் சேர்க்கக் கேர்னல் மற்றவற்றை இடம் மாற்றும்போது சிறு தாமதங்கள் நேரும். றெடிஸ் என்னும் தரவுக் களஞ்சியத்தின் கையேடு இம்முறையை நிறுத்தி வைக்குமாறே அறிவுறுத்துகிறது. ஆயினும் அளவான தேவையுள்ள எமது பதிவேட்டுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது.

பெரிதாகக் கொடுப்பது திறமையின் ஒரு பாதியே. கொடுத்ததை வேண்டியபோது பிரிக்கத் தெரிவது மறுபாதி. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே வேறு கணனிக்கு மாற்றும்போது, எந்தப் பக்கம் மாறியது என்பதைக் கேர்னல் கண்காணிக்கவேண்டும். ஓர் எழுத்து மாறியதற்காக 2 மெகாபைற்றை மீண்டும் அனுப்புவது வீண். எனவே அவ்வேளையில் கே.வி.எம். பெரும்பக்கங்களைச் சிறியனவாகப் பிரித்துக் கண்காணிக்கிறது. 2019 நவம்பரில் இன்ரெல் செயலிகள் பலவற்றில் ஒரு குறைபாடு வெளியாயிற்று. குடியிருப்பவர் ஒருவர், நிரற் கட்டளைகள் உள்ள பக்கத்தின் அளவைத் தந்திரமாக மாற்றினால், முழுக் கணனியுமே உறைந்து நின்றுவிடும். ஒரு குடும்பத்தின் குறும்பினால் வீடு முழுவதும் இருளில் மூழ்குவதற்கு அது ஒப்பாகும். இதற்கு லினக்ஸ் கண்ட மாற்று, பெரும்பக்கத்திலிருந்து கட்டளைகளை இயக்க அனுமதி மறுப்பது; இயக்க முற்பட்டால் அவ்விடத்தை மட்டும் சிறுபக்கங்களாகப் பிரித்துக் கொடுப்பது. வேகத்தில் சிறிது இழப்பு உண்டு. ஆனால் அயல்வீட்டார் பாதுகாப்பாயிருப்பர்.

இத்துறையில் இருக்கும் எமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒதுக்குமுன் அளந்து பாருங்கள். ஒதுக்கியபின் மீண்டும் பாருங்கள். எத்தனை பெரும்பக்கங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை வெறுமையாகக் கிடக்கின்றன என்பதைக் கேர்னல் தன் நினைவகக் கணக்கில் தனித்தனி வரிகளாகவே காட்டுகிறது. அந்த வெள்ளி இரவு அவ்விரு வரிகளையும் படித்திருந்தால், 4,096 என்ற எண் எமது தவறை உடனே உரைத்திருக்கும். அவற்றைப் படிக்க அரை நிமிடங்கூடச் சென்றிராது.

அன்று முடிவுகள் பிற்பகல் மூன்று மணிக்கே, கையெழுத்தில் எழுதி வழங்கப்பட்டன. காத்திருந்த பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் அப்போது வாய்மொழியாகக் கேட்ட மன்னிப்பை இங்கே எழுத்திலும் பதிவு செய்கிறோம். அடுத்த வாரம் சந்திப்போம்.