சிபில் ஸ்கோர் குறைஞ்சா கார் இன்ஷூரன்ஸ் ஏறுமா?

திருவாரூர்ல முதல் கார் வாங்கப் போறீங்களா? 'ஸ்கோர் கம்மியா இருக்கே, இன்ஷூரன்ஸும் எகிறிடுமோ?'ங்கிற பயம் வேண்டாம்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடன் வரலாறும் பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்களில் அதற்குத் தடை.

நம்ம ஊர்க் கதை வேற. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலான பட்டியல்படி 1,000 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வரி தனி. ஸ்கோர் 300-ஆக இருந்தாலும் 900-ஆக இருந்தாலும் இதேதான்! சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் காரின் மாடல், வயது, மதிப்பைப் பொறுத்தது.

அப்போ சிபில் எங்கே கடிக்கும்? கார் லோன் வட்டியில். டெல்டா வீடுகளுக்குப் பணம் வருவது குறுவை, சம்பா அறுவடைக்குப் பிறகுதான், இ.எம்.ஐ-யோ மாசாமாசம். 2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கி மழையில் நனைந்ததே... அந்த மாதிரி நேரத்தில் தவணை தவறினால் ஸ்கோர் இறங்கும். நண்பனுக்கு ஜாமீன் போட்டு, அவன் கட்டலைன்னாலும் உங்க ஸ்கோருக்கும் அடிதான்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு பொறி உண்டு. கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 முதல் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி. கையில் காசில்லைன்னு பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காமல் விட்டால், அது மொத்தமாப் போயிடும். ஸ்கோரைவிட அந்தத் தேதியை முதல்ல போன்ல ரிமைண்டர் போடுங்க. ஸ்கோர் அறிக்கையை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாவே பார்க்கலாம்!