விசாரணையின்றித் தண்டனையா?

மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளிலே நாள்தோறும் விந்தையானதொரு நீதிமன்றம் கூடுகின்றது. குற்றஞ்சாட்டுபவரும் ஆசிரியரே, சாட்சியும் அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. எதிரியாக நிற்பவனோ ஏழு வயதுப் பாலகன். அவன் செய்த குற்றம் யாது? இருந்த இடத்தில் இருக்கவில்லை. கேள்வி முடியுமுன் விடையைக் கத்தினான். கொப்பியை மூன்றாம் முறையும் தொலைத்தான். தீர்ப்பு ஒரே சொல்: குழப்படிக்காரன். மேன்முறையீடு கிடையாது. பின்வாங்கிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து லயத்துக்கும், லயத்திலிருந்து கொழும்புக் கடைக்கும் அவன் போய்ச் சேரும் பாதையை நாம் அறிவோம். நுவரெலியாவும் ஹட்டனும் அறியும்.

அவனுடைய தங்கையின் வழக்கு இன்னும் பரிதாபமானது. அவள் எவரையும் தொந்தரவு செய்வதில்லை. யன்னலூடே மலையைப் பார்த்தபடி இருப்பாள். சொன்னது காதில் விழாது. தொடங்கிய கணக்கு பாதியில் நிற்கும். அவளுக்கு "மக்கு" என்று பெயரிட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிடுகின்றனர்.

கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த ஒரு நிலையை மருத்துவ நூலோர் ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கி வழங்குவர். உலகிலே நூறு பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவரிடம் இது காணப்படுகின்றது. மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. பெருமளவுக்குப் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்புக் குறையாலோ கண்ணூறாலோ வருவதன்று. பிரம்பினால் போவதுமன்று.

இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்றே இல்லை. முறையான விசாரணை ஒன்றே வழி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட அளவுகோலின்படி, கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும் மிகையியக்கத்துக்கும் பொறுமையின்மைக்கும் ஒன்பது அறிகுறிகளும் உள. ஒரு வரிசையிலாவது ஆறு பொருந்தவேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு ஐந்து. அவை ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும், 12 வயதுக்கு முன்னரே சில தலைகாட்டியிருக்கவேண்டும், பாடசாலை, வீடு எனக் குறைந்தது ஈரிடத்திலாவது காணப்படவேண்டும், வாழ்க்கையைப் பாதித்திருக்கவேண்டும், வேறு காரணத்தால் விளங்கக்கூடியனவாக இருத்தலாகாது. எமது சான்றுக் கட்டளைச்சட்டமோ ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென வற்புறுத்துவதில்லை. இவ்வகையில் மருத்துவரின் விதி நாம் பயின்ற சட்டத்தினும் கண்டிப்பானது!

"பசித்த பிள்ளை எப்படி அமைதியாயிருக்கும்? இது வறுமையின் கோலமன்றோ? இதற்கேன் மேனாட்டு நோய்ப்பெயர்?" என நம்மவருள்ளேயே சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். இரத்தசோகையால் சோர்ந்த பிள்ளை உண்டு; காது கேளாத பிள்ளை உண்டு; ஒற்றைக் காம்பராவில் குடிவெறிச் சண்டைக்கு நடுவே உறங்காதிருந்து வகுப்பில் தூங்கும் பிள்ளையும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது என்று பிரித்தறிவதற்கே மதிப்பீடு வேண்டுமென்கிறோம். வறுமையைக் காட்டி விசாரணையை மறுப்பவர், ஏழைப் பிள்ளைக்கு இரண்டாம் முறையும் அநீதி இழைக்கின்றனர்.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் அறைந்ததனால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனொருவனின் வழக்கிலே, 2021 பெப்ரவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. ஆசிரியரும் அரசும் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அத்தீர்ப்பு தென்னிலங்கைப் பிள்ளைக்கு மட்டும் உரியதா? தேயிலைச் செடிக்கு மேலே அரசியலமைப்பு ஏறுவதில்லையா?

இனி, மதிப்பீடு பெறப் புறப்படும் தாயின் நிலையைப் பாருங்கள். சிறுவர்க்கென அமைந்த பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலைக்கு ஹட்டனிலிருந்து செல்வதாயின் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து போகவேண்டும். அன்றைய பேர் போய்விடும். ஒரு தடவையில் முடியும் காரியமுமன்று இது. கொழும்பிலே காசு கொடுத்துத் தனியார் உளவியலாளரைக் காண்பது வசதியுள்ளோர்க்கு ஆகும், கொழுந்தெடுப்பவளுக்கு ஆகுமா?

மொழியோ இவற்றினும் பெரிய தடை. எலும்பு முறிவுக்கு மொழி வேண்டியதில்லை. இங்கோ தாய் சொல்லும் கதையே சான்று. பிள்ளை எப்போது நடந்தான், எப்படி உறங்குகிறான், எதற்குக் கோபிக்கிறான் என்பதை அவள் தன் தமிழில் சொல்லவேண்டும். கேட்பவர்க்கு அது விளங்கவேண்டும். வேற்றுமொழியிலே சோதிக்கப்படும் பிள்ளை விழித்தால் அது கவனக்குறைவா, மொழி புரியாமையா? 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தத் தமிழ் பெயர்ப்பலகையோடு நின்றுவிட வேண்டுமென்பதுதானா ஆட்சியாளரின் எண்ணம்?

புதிதாக வானத்தைக் கொணருமாறு நாம் கேட்கவில்லை. 1, 4, 7, 10 ஆம் தரங்களில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்றொரு ஏற்பாடு ஏற்கனவே உண்டு. அதிலே ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பும் தமிழ் வினாத்தாளொன்றைச் சேர்த்தால் என்ன? டிக்கோயாவிலே இந்திய உதவியால் எழுந்த வைத்தியசாலையை 2017 மே 12 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். மேடையிலே மாலைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மாதந்தோறும் குறித்த நாளில், தமிழறிந்த உளவியலாளரும் சிறுவர் மனநல மருத்துவரும் அமர்ந்து மதிப்பிடும் நிலையான ஏற்பாட்டைக் கேட்கின்றோம். பிள்ளையுடன் செல்லும் பெற்றோருக்கு அன்றைய சம்பளம் வெட்டப்படாதிருக்கவேண்டும். ஆயிரம் ரூபாவுக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021 இல் அதனைச் சம்பளச்சபை மூலம் பெற்ற தொழிற்சங்கங்கள், இந்த ஒரு நாள் பேருக்காக வாய்திறந்ததை நாம் கேட்டதில்லை. தலைவர்மாரின் பிள்ளைகள் லயத்துப் பாடசாலையில் படிப்பதில்லைப் போலும்!

மதிப்பீட்டுக் கடிதம் பிள்ளையை வெளியே தள்ளும் சீட்டாகவும் ஆகலாகாது. முன்வாங்கில் இடமும், சிறு சிறு பணிகளும், பெற்றோர்க்குப் பயிற்சியும், வேண்டியவிடத்து வைத்தியர் தரும் மருந்தும் கிடைப்பதற்கான ஆவணம் அது.

மத்திய மாகாண சுகாதார, கல்வி அதிகாரிகளுக்கான மனு தயாராகின்றது. கையொப்பங்களைத் தோட்டக் கமிட்டித் தலைவர்மார் திரட்டுவர்; பிள்ளைகளின் பெயர் அதில் இடம்பெறாது. பாடசாலையோ வைத்தியசாலையோ எழுத்தில் மறுப்புத் தந்தால் அதன் திகதியைக் குறித்து, அன்றைக்கே கமிட்டியிடம் கையளியுங்கள். 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்ல எமக்குள்ள தவணை ஒரே மாதம்.