பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புது கியர் போடலாமா?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். கோவளம், திருவிடந்தை தாண்டி மாமல்லபுரம் நோக்கி சைக்கிள்கள் வரிசையாகப் போகும். செங்கல்பட்டுக்காரர்களுக்கு வேறு பாதை. திருக்கழுக்குன்றம் வழியாக வந்தால் சுமார் 30 கிலோமீட்டரில் கடல் தெரியும்.

அந்த வரிசையில் அப்பா ஓட்டி, இப்போது மகன் கைக்கு வந்த பழைய ரேஸ் சைக்கிளும் ஒன்றிரண்டு இருக்கும். ஃபிரேம் இன்னும் திடமாகத்தான் இருக்கும். தொல்லை கியரில்தான். மாற்றும் லீவர், முன்பக்கம் சாய்ந்திறங்கும் குழாயில் இருக்கும். ஒரு கையை எடுத்து, குனிந்து, தடவித்தான் மாற்ற வேண்டும். பக்கத்திலேயே பேருந்து சீறிக்கொண்டு போகும் சாலையில், அந்த ஒரு நொடி போதும் சைக்கிள் ஆடுவதற்கு.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-இல் 'க்ளிக்' சத்தத்தோடு கியர் விழும் முறையைக் கொண்டுவந்தது. 1990-இல் பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்தது. அதனால் பிரேக் லீவரிலிருந்து கையை எடுக்காமலே கியர் மாற்ற முடிந்தது. பழைய சைக்கிளிலும் இந்த லீவரைப் பொருத்தலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா? ஏற்கெனவே க்ளிக் லீவர் இருந்து, அழுத்தினால் கியர் விழவில்லையா? பெரும்பாலும் உள்ளே கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயை உள்ளே விட்டு, பல தடவை அழுத்தி, பிறகு மெல்லிய எண்ணெய் விட்டால் பல லீவர்கள் உயிர்பெற்றுவிடும்.

பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம்? எண்ணிப் பாருங்கள். லீவரின் க்ளிக் எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 8 கியரில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் 4.8 மி.மீ.; 9 கியரில் 4.35 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் மாற்றிப் போட்டால் செயின் தானாகத் தாவும். எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஷிமானோவின் டியாக்ரா 4700 லீவர் 10 கியர்தான். ஆனால் முந்தைய 10 கியர் ரகங்களோடு சேராது. கேபிளை இழுக்கும் அளவு வேறு.

5, 6 கியர் உள்ள மிகப் பழைய சைக்கிளா? ஹேண்டில்பாரின் நுனியில் செருகும் லீவரை, க்ளிக் இல்லாத முறையில் பயன்படுத்துவது எளிது. எண்ணிக்கைத் தொல்லை இல்லை. கையும் ஹேண்டில்பாரை விட்டு விலகாது.

எந்த கேபிள்? உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. பிரேக் கேபிளின் வெளி உறைக்குள் கம்பி சுருள் சுருளாக இருக்கும். கியர் உறைக்குள் நீளவாக்கில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கியர் உறையை பிரேக்குக்குப் போட்டுவிட்டால், அவசரத்தில் அழுத்தும்போது அது பிளந்துகொள்ளலாம். பிரேக் சேர்ந்த லீவரை மாற்றும்போது பிரேக் கேபிளையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதனால் கடையில் நின்று, எந்த உறை எங்கே போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

புது லீவர் வந்தாலும் கடற்காற்று சும்மா விடாது. மாமல்லபுரம் போய் வந்த அன்றே ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கியர் கேபிள் லீவருக்குள்ளேதான் இழை இழையாகப் பிரியும், வெளியே தெரியாது. கியர் திடீரென்று கனமாக விழுந்தாலோ, சரியாக நிற்காவிட்டாலோ, அறுவதற்குள் மாற்றிவிடுங்கள். அறுந்து முனை உள்ளே மாட்டிக்கொண்டால், சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

பொருத்தி முடித்ததும் நேராக நெடுஞ்சாலைக்குக் கிளம்ப வேண்டாம். தெருவிலேயே நாலு சுற்று வந்து, எல்லா கியரையும் ஏற்றி இறக்கி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். புது கேபிள் முதல் சில நாட்களில் கொஞ்சம் தளரும்; ஒருமுறை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகு அடுத்த ஞாயிறு தாராளமாகக் கடற்கரைக்குப் போகலாம், இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருக்கும்.