369 வாக்குகளும் ஒரு மோசமான திரையும்

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நம்ம மக்களுக்கு அதிபர் தேர்தல்தான். புஷ், ஒபாமா, ட்ரம்ப்.. அதைத் தாண்டி யாரும் போவதில்லை. ஆனால் அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல் நடக்கிறது. பெரும்பாலான தொகுதிகளில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். எல்லைகளை வரைந்த விதம் அப்படி. மிச்சமிருக்கும் இழுபறித் தொகுதிகளில்தான் நிஜமான சண்டை.

அப்படி ஒரு தொகுதியில் 2006-ல் நடந்ததைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கள்ள ஓட்டு இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, யாரும் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எண்களை மாற்றியதாக நிரூபணமும் இல்லை. ஆனாலும் அந்தத் தேர்தலை மறுபடி நடத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

தொகுதி: ஃப்ளோரிடா 13. மெக்சிகோ வளைகுடா ஓரம் இருக்கும் சாரசோட்டா கவுண்டியும், மனாட்டி முதலான பக்கத்துக் கவுண்டிகளும் சேர்ந்தது. (கவுண்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலை நடத்துவது அங்கே கவுண்டி நிர்வாகம்தான், நம்மூர் மாதிரி மத்தியத் தேர்தல் ஆணையம் அல்ல.) வழக்கமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் இடம். அதுவரை அங்கே உறுப்பினராக இருந்தவர் யார் தெரியுமா? கேத்தரின் ஹாரிஸ். 2000-ல் ஃப்ளோரிடாவின் மாநிலச் செயலாளராக இருந்து, புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று கையெழுத்துப் போட்ட அதே அம்மணி! 2006-ல் அவர் செனட்டுக்குப் போட்டியிடப் போய்விட்டதால் (தோற்றார், அது வேறு கதை) இடம் காலி. இராக் போரால் புஷ் மீது நாடு முழுக்கக் கோபம் இருந்த வருஷம். குடியரசுக் கட்சிக்கு வெர்ன் புக்கானன் என்ற கார் டீலர், ஜனநாயகக் கட்சிக்குக் கிறிஸ்டின் ஜென்னிங்ஸ் என்ற முன்னாள் வங்கித் தலைவி. இரண்டு பக்கமும் பணத்தையும் சேற்றையும் வாரி இறைத்தார்கள்.

முடிவு: புக்கானன் 1,19,309. ஜென்னிங்ஸ் 1,18,940. வித்தியாசம் 369.

இதோடு முடிந்திருந்தால் 'நெருக்கமான போட்டி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாரசோட்டா கவுண்டியில் வாக்குச் சாவடிக்கு வந்து, டச் ஸ்கிரீன் இயந்திரத்தில் மற்ற பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு, இந்த ஒரு போட்டியை மட்டும் வெறுமனே விட்டுவிட்டுப் போனவர்கள் சுமார் 18,000 பேர். அதாவது ஏறக்குறைய 15 சதவீதம். இதை அங்கே 'அண்டர்வோட்' என்பார்கள், நாம் காலி வாக்கு என்று சொல்லிக்கொள்வோம். தொகுதியின் மற்ற கவுண்டிகளில் இது இரண்டு முதல் ஐந்து சதவீதம்தான். அதே சாரசோட்டாவில் தபால் மூலம் காகிதச் சீட்டில் வாக்களித்தவர்களிடமும் சுமார் இரண்டரை சதவீதம்தான். அதே ஊர், அதே வேட்பாளர்கள், அதே சேறு. காகிதத்தில் எழுதியவர்களுக்குக் கண்ணில் பட்ட போட்டி, திரையைத் தொட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் வீதம் எங்கே தொலைந்து போனது?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அங்கே வாக்களிப்பது நம்மூர் மாதிரி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு மையை ஊதிக்கொண்டே வெளியே வருவதில்லை. செனட், பிரதிநிதிகள் சபை, கவர்னர், அட்டர்னி ஜெனரல், நீதிபதிகள், உள்ளூர்ப் பதவிகள், போதாததற்குச் சட்டத் திருத்தங்கள் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் வாக்களிக்க வேண்டும். சாரசோட்டா இயந்திரத்தில் முதல் பக்கத்தில் செனட் போட்டி மட்டும் பெரிதாக இருந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் மேலே ஓரமாக, இரண்டே பெயர்களுடன், இந்தப் போட்டி. அதற்குக் கீழே பளிச்சென்று வண்ணப் பட்டையில் ஒரு தலைப்பு, அதன் கீழ் கவர்னர் போட்டி, வரிசையாக நிறையப் பெயர்கள். திரையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டது. கண் நேரே வண்ணப் பட்டைக்குப் போய்விடும். மேலே இருக்கும் இரண்டு வரியை ஏதோ முகப்பு என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். கேள்வித்தாளில் பெரிய கேள்விக்கு மேலே ஓரமாக இருக்கும் குட்டிக் கேள்வியை விட்டுவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்பவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்!

"இது உன் ஊகம்தானே" என்பீர்கள். இல்லை. அதே வருஷம் ஃப்ளோரிடாவில் அதே வகை இயந்திரத்தை வைத்திருந்த சார்லட், லீ, சம்ட்டர் கவுண்டிகளில் கவர்னர் போட்டியோடு ஒரே பக்கத்தில் அட்டர்னி ஜெனரல் போட்டியைப் போட்டிருந்தார்கள். அங்கே காலி வாக்குகள் எக்கச்சக்கமாகக் கூடியது அட்டர்னி ஜெனரல் போட்டியில். சார்லட் கவுண்டியின் ஒரு பகுதி இதே 13-ஆம் தொகுதியில் வருகிறது. அங்கே காங்கிரஸ் போட்டி தனியாக இருந்தது, அதில் காலி வாக்கு சாதாரண அளவுதான். ஆக, கவர்னர் போட்டியோடு பக்கத்தைப் பகிர்ந்துகொண்ட போட்டி எதுவோ அது அடி வாங்கியது. நான்கு அரசியல் விஞ்ஞானிகள் 2008-ல் இதை அலசி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முடிவும் இதுதான்: காரணம் பக்க அமைப்பு, அது இல்லாவிட்டால் ஜென்னிங்ஸ் ஜெயித்திருப்பார் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

நாமே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரையில் வாக்களித்தவர்கள் சுமார் 1,20,000. வழக்கமான இரண்டரை சதவீதம் என்றால் 3,000 காலி வாக்கு இருந்திருக்கும். இருந்தது 18,000. அதிகப்படி 15,000. சாரசோட்டா கவுண்டியில் ஜென்னிங்ஸுக்குக் கிடைத்தது சுமார் 53 சதவீதம். அந்த 15,000 பேரும் அதே விகிதத்தில் வாக்களித்திருந்தால் ஜென்னிங்ஸுக்கு 900 வாக்கு கூடுதலாக வரும். 369-ஐத் தாண்ட 53 கூட வேண்டாம், 51.3 சதவீதம் போதும்.

இப்போது இதற்கு என்ன பரிகாரம் கிடைத்தது என்று பாருங்கள். ஃப்ளோரிடா சட்டப்படி வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக மறு எண்ணிக்கை. செய்தார்கள். ஆனால் தொடுதிரை இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்றால் என்ன? அதே நினைவகத்தில் இருக்கும் அதே எண்ணை மறுபடி படிப்பது. காகிதம் இல்லை, கையால் எண்ண எதுவும் இல்லை. காலி வாக்கு எத்தனை தடவை எண்ணினாலும் காலிதான்.

ஜென்னிங்ஸ் நீதிமன்றம் போனார். இயந்திரத்தின் மென்பொருளை எங்கள் நிபுணர்கள் பார்க்க வேண்டும் என்றார். அது தயாரிப்பாளரின் வணிக ரகசியம் என்று 2006 டிசம்பர் கடைசியில் மறுத்துவிட்டார்கள். (பொதுத் தேர்தல் எப்படி எண்ணப்பட்டது என்பது ஒரு கம்பெனியின் ரகசியம்! இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.) மாநில அரசே ஏற்பாடு செய்து ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக நிபுணர்கள் மூல நிரலைப் பார்த்தார்கள், 2007 பிப்ரவரியில், காலி வாக்குகளுக்கு மென்பொருள் காரணமில்லை என்றார்கள். பிறகு பிரதிநிதிகள் சபையில் முறையீடு. மத்திய அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. இயந்திரங்களைச் சோதித்து, கோளாறு எதுவும் தெரியவில்லை, வாக்காளர்கள் வேண்டுமென்றே விட்டிருக்கலாம் அல்லது திரை அமைப்பால் தவறவிட்டிருக்கலாம் என்று 2008 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அதே மாதம் சபை முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அப்போது சபையில் பெரும்பான்மை ஜென்னிங்ஸின் சொந்தக் கட்சிக்கு என்பதையும் கவனியுங்கள்.

எல்லோரும் தேடியது இயந்திரக் கோளாறை. கோளாறு இல்லை என்றதும் வழக்கு முடிந்தது. 'அல்லது திரை அமைப்பால்' என்ற அந்த வார்த்தையை வாசித்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அமெரிக்காவில் காங்கிரஸ் தேர்தலை மறுபடி நடத்தியதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1974-ல் லூசியானாவின் 6-ஆம் தொகுதியில் ஒரு வாக்கு இயந்திரம் பழுதானது, வித்தியாசம் மிகச் சொற்பம். 1975 ஜனவரியில் மறு தேர்தல் வைத்தார்கள். 2018-ல் வட கரோலினாவின் 9-ஆம் தொகுதியில் மார்க் ஹாரிஸ் 905 வாக்கு முன்னிலையில் இருந்தார். அவர் தரப்பில் வேலை பார்த்த ஒருவரின் ஆட்கள் தபால் வாக்குகளில் விளையாடியது தெரிந்ததும் மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை ஏற்கவே மறுத்தது. 2019 செப்டம்பரில் புதிய தேர்தல். அங்கே எத்தனை வாக்கு திருடு போனது, அது 905-ஐத் தாண்டுமா என்று யாரும் கடைசிவரை கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தேர்தல் கெட்டுவிட்டது, அது போதும் என்றார்கள். சரியான முடிவு.

ஆக, இயந்திரம் கெட்டால் மறு தேர்தல். மனிதன் கெட்டால் மறு தேர்தல். திரையைக் கேவலமாக வடிவமைத்து வித்தியாசத்தைப் போல நாற்பது மடங்கு வாக்குகளைத் தொலைத்தால்? "வாக்காளர் கவனமாக இருந்திருக்க வேண்டும்." வாக்காளர் பக்கம் நின்று பாருங்கள், மூன்றிலும் அவர் இழந்தது ஒன்றுதான். தப்பு செய்தவனின் எண்ணம் என்ன என்பது அவனுக்குத் தண்டனை கொடுக்கும்போது பார்க்க வேண்டிய விஷயம். தேர்தல் செல்லுமா என்று பார்க்கும்போது இழப்பு எவ்வளவு என்பதைத்தானே பார்க்க வேண்டும்?

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவை உப்புச்சப்பில்லாதவை என்று சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு சரிபார்ப்புத் திரை வந்தது, விட்டுப்போனதைக் காட்டியது, பலர் திரும்பிப் போய் வாக்களித்தார்கள். உண்மைதான். அப்படியும் 18,000 மிஞ்சியது என்றால் முதலில் எத்தனை பேர் தவறவிட்டிருப்பார்கள்! இன்னொன்று, முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களிலேயே புகார்கள் வந்துவிட்டன, சாவடி ஊழியர்கள் வாக்காளர்களை உஷார்ப்படுத்தும்படி சொல்லப்பட்டார்கள். தெரிந்த பிறகும் நடந்தது இது.

வலுவான எதிர்வாதம் வேறு. தோற்றவர்கள் எல்லோரும் "திரை சரியில்லை" என்று கிளம்பினால் என்ன செய்வது? ஜெயித்தவரின் இடத்தைச் சபையில் பெரும்பான்மை இருக்கும் கட்சி தட்டிப்பறிக்க இது வழியாகிவிடாதா? இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1984-ல் இந்தியானாவின் 8-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்ததாக மாநிலம் அறிவித்தும், ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை இருந்த சபை அவரை உட்கார விடாமல் தானே எண்ணி, 1985 மே மாதம் தன் கட்சிக்காரர் 4 வாக்கில் ஜெயித்ததாகச் சொன்னது. குடியரசுக் கட்சியினர் கொதித்துப்போய் வெளிநடப்பு செய்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2020-ல் ஐயோவாவின் 2-ஆம் தொகுதியில் ரீட்டா ஹார்ட் 6 வாக்கில் தோற்றுச் சபைக்கு முறையிட்டபோதும் சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்து, 2021 மார்ச் கடைசியில் வாபஸ் வாங்கினார்.

ஆனால் கவனித்தீர்களா, நான் ஜென்னிங்ஸை உட்கார வையுங்கள் என்று கேட்கவில்லை. கணக்கை வைத்து ஒருவரை ஜெயித்தவராக அறிவிப்பது அபத்தம். புக்கானன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இடத்தைக் காலி என்று அறிவித்து, சாதாரணக் காகிதச் சீட்டில் இரண்டே பெயரை அச்சடித்து, மறுபடி அந்த மக்களிடம் கேளுங்கள் என்பதுதான். புக்கானனே திரும்ப ஜெயித்திருக்கலாம். அப்படி ஜெயித்திருந்தால் அவருக்கும் அது கௌரவமாக இருந்திருக்கும். லூசியானாவில் 1975-ல் அப்படித்தான் ஆனது, முதலில் முன்னிலையில் இருந்த ஹென்சன் மூர்தான் மறு தேர்தலிலும் ஜெயித்தார், இந்த முறை தெளிவாக.

இந்த இயந்திரங்கள் எப்படி அங்கே வந்தன என்பதையும் சொல்லாமல் விட மனசில்லை. 2000-ல் பாம் பீச் கவுண்டியின் குழப்பமான வாக்குச் சீட்டும் துளை அட்டைகளும் உலகமே சிரிக்கும்படி ஆனதால், ஃப்ளோரிடா துளை அட்டையைத் தடை செய்தது. அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க வாங்கியவைதான் இந்தத் தொடுதிரைகள். சீட்டின் அமைப்பு மோசம் என்பது 2000-ன் பாடம். அவர்கள் மாற்றியது சீட்டு எதில் இருக்கிறது என்பதை மட்டும்.

2006 நவம்பர் 7 அன்று அதே சாரசோட்டா வாக்காளர்கள் அதே திரைகளில் இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள்: இனி நம் கவுண்டியில் காகித வாக்குச் சீட்டுதான் வேண்டுமா? வேண்டும் என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டார்கள். 2007-ல் மாநிலமும் சட்டம் போட்டது. 2008-ல் ஜென்னிங்ஸும் புக்கானனும் மறுபடி மோதியபோது சாரசோட்டா மக்கள் காகிதத்தில் வட்டத்தை நிரப்பினார்கள். அந்த முறை புக்கானன் சுமார் 18 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், அதைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.