வீட்டுப்பள்ளிக்கு எந்த வரலாறு?

என்னிடம் முன்னாளிற் பயின்ற அன்பர் ஒருவர் கோடை விடுமுறையில் இல்லம் வந்திருந்தார். தம் மக்கள் இருவரையும் பள்ளிக்கு விடுக்காது வீட்டிலேயே கற்பிப்பவர் அவர். "ஐயா, கணக்கிற்கும் அறிவியலுக்கும் நூல் கிடைத்துவிட்டது. வரலாற்றிற்குத்தான் மதச் சார்பற்ற நூலொன்று அமையவில்லை, தாங்களே தெரிந்து கூறவேண்டும்" என்று மூன்று நூல்களை என்முன் வைத்தார்.

ஒன்று, இராமன் தந்த விமானத்தை வீடணன் காவிரிக் கரையில் இறக்கி வைத்த கதையை நடந்த வரலாறாகவே நவில்கின்றது. மற்றொன்று ஆங்கில நூல், கங்கைக் கரையில் தொடங்கி அங்கேயே முடிகின்றது, மூவேந்தர்க்கு அரைப்பக்கம். மூன்றாவது நம்மவர் எழுதியது. முச்சங்கம் 9,990 ஆண்டுகள் நிலவிற்றென ஐயமின்றி அறைகின்றது.

மூன்றையும் மூடி வைத்தேன். முதலிரண்டை மூடியதற்கு மகிழும் நீங்கள், மூன்றாவதற்குச் சினப்பீர்கள்.

முச்சங்கக் கணக்கு, சங்கப் பாடல்களுக்குப் பன்னூற்றாண்டு பிற்பட்ட இறையனார் அகப்பொருள் உரையில் வருவது. வீடணனுக்குச் சான்று கேட்கும் நாம் இதற்குக் கேளாது விடுதல் முறையோ? பிறர் பொய்யை மட்டும் நிறுக்கும் கோல் துலாக்கோல் ஆகுமோ? கீழடியின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டை எட்டுவதை 2019இல் வெளியான கரிமக் கணிப்பு காட்டிற்று. பழஞ்சோழர் உறையூரையும் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1960களிலேயே அகழ்ந்தனர். மண்ணே நமக்காகப் பேசுங்கால் கதை எதற்கு?

மதச் சார்பின்மை என்பது மறைப்பதும் அன்று. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடிற்று. ஊர் ஊராய் அலைந்த அரங்கன் திருமேனி 1371இல் கோபண்ணரால் மீண்டும் நிறுவப்பெற்றதைக் கல்வெட்டு கூறுகின்றது. இதனை மறைக்கும் நூல் அஞ்சிய நூல். ஆயின், அதே கோயிலில் துலுக்க நாச்சியார்க்கும் இடமுண்டு. அரங்கனுக்கு ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. நாச்சியார் கதை கதையே. அதைப் போற்றிய மக்கள் உள்ளமோ வரலாறு! படையெடுப்பை மட்டும் கற்பித்து இதை விடுத்தல் பிஞ்சு நெஞ்சில் நஞ்சூட்டலாகும். 2023இல் நடுவணரசுப் பாடத்திட்டப் பன்னிரண்டாம் வகுப்பு நூலினின்று மொகலாய அரசவை இயலை நீக்கியதும் அத்தகைய குறைத்தலே.

"நூலுக்கு முன் கல்லைக் காட்டுங்கள்" என்றேன். திருவரங்கச் சுவர்களில் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார் கல்வெட்டுகள் அறுநூற்றுக்கு மேலுள. கோயில் மருத்துவச்சாலை புதுக்கப்பெற்றதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கின்றது. ஆற்றைக் கடந்தால் சிராப்பள்ளிக் குன்று: ஒரே மலையில் சமணர் கற்படுக்கை, பல்லவர் குடைவரை, பாண்டியர் குடைவரை; அதே நகரில் நத்தர்வலி தர்கா. யார் எழுதினார், எப்போது, எதற்காக என்று பிள்ளைகளே கேட்கட்டும். அதன்பின் தமிழ்நாட்டரசின் பாடநூலைக் கொடுங்கள். பின்னாளில் தனித்தேர்வராகத் தேர்வெழுதவும் உதவும். தாங்கள் படிக்க, கே.கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' உளது.

சின்னாள் கழித்து அன்பர் மீண்டும் வந்தார். கல்வெட்டொன்றன்முன் நின்று இளைய மகள் வினவினாளாம்: "நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கிறதப்பா, உழுதவர் பெயர் எங்கே?"

தமிழ்ப் பெற்றோரே! அவ்வினாவை எழுப்பாத நூல், எம்மொழியில் இருப்பினும், எவர் எழுதியிருப்பினும், நம் மக்களுக்கு வேண்டா.