குழந்தைக்கு என்ன தெரியும்?

“அப்போது அது கைக்குழந்தை, அதற்கு என்ன தெரியும்? மறந்துவிடும்.” 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு ஏந்திச் செல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றி நம்மவர் கூறிய ஆறுதல் இது. அக்குழந்தைகள் வளர்ந்து நம் வகுப்பறைகளுக்கு வந்தனர். ஆசிரியர்களாகிய நாம் சொல்கிறோம்: அந்த ஆறுதல் பொய்.

நினைவில் இல்லாதது மனத்திலும் இல்லை என்ற மயக்கத்தை உடைத்தது பிராய்டின் உளப்பகுப்பாய்வு. தாயின் முகமே குழந்தை தன்னைக் காணும் முதற் கண்ணாடி என்றார் ஆங்கில மருத்துவர் வினிகொட். பதுங்குகுழியில் அந்தக் கண்ணாடி எதைக் காட்டியிருக்கும்?

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் 1943இல் நூலெழுதினர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே பிள்ளையைக் குலைக்கிறது; தாய் அமைதி காத்தால் பிள்ளையும் தாங்கிக்கொள்ளும் என்றனர். மெய்தான். ஆயின் முள்ளிவாய்க்காலில் அமைதி காக்க எத்தாயால் இயன்றது? ஆகவே, இவ்வறிவைக் கொண்டு தாயைக் குற்றவாளியாக்குவோரையும் நாம் மறுக்கிறோம். தாயைத் தாங்கக் கணவனும் சுற்றமும் ஊரும் வேண்டும். போர் அவற்றையன்றோ பறித்தது! உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் துயரைத் தனியொருவரின் காயமாகவன்றிக் கூட்டுக் காயமாகக் கண்டதும் இதனாலேயே.

ஆறு வயதின் பின் குழந்தைப் பருவக் கொந்தளிப்புகள் அடங்கிக் கற்கும் ஆவல் எழும் என்பது பிராய்டின் கருத்து. செய்து முடிப்பதன் பெருமிதத்தைப் பிள்ளை அறியும் பருவம் அது. தவறினால் தாழ்வுணர்ச்சியே மிஞ்சும் என்றார் எரிக்சன். அச்சம் அடங்காத நெஞ்சில் எழுத்து எப்படி ஏறும்? நாமோ அப்பிள்ளையை “மொக்கு” என்கிறோம், பிரம்பை எடுக்கிறோம். மாணவரை அடிக்கலாகாதெனக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தும் பிரம்பு ஓயவில்லை. வீட்டில் தொடங்கிய அச்சத்தைப் பாடசாலை முடித்துவைக்கிறது!

எல்லாப் பிள்ளைகளும் உடைந்துபோயினர் என்பதன்று நம் வாதம். அன்பும் ஒழுங்கும் கிடைத்த பிள்ளைகள் நிமிர்ந்ததைக் கண்டிருக்கிறோம். அதனாலேயே கேட்கிறோம். அன்றைய சிறுமியர் பலர் இன்று தாய்மார். அவர்தம் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர்.

அவர்களுக்கு விளையாட நேரம் வேண்டும். சொல்வதைக் கேட்கச் செவி வேண்டும். காணாமலாக்கப்பட்டோர் எங்கேயென்று 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மாருக்கு விடையும் வேண்டும். விடை கிடைக்காத தாயின் முகத்தில் எந்தப் பிள்ளை தன்னைக் காணும்?